மாரிக்கு வேர்க்கும் ஷோகேஸ்

"அம்மாவப் பத்தி நல்லத மட்டும் எழுதுங்க மாமா" என்று இத்தாலியிலிருந்து மருமகள் சொல்லியிருக்கிறாள். அக்காவுக்கு அவள் ஒரே மகள். அவளுடைய வேண்டுகோளை மதித்துத்தான் பேனையை எடுத்தேன். எடுத்தவுடனேயே மரம் சீவுகிற என்னுடைய இழைப்புளி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம். அந்த இழைப்புளியை அவர் திருப்பித் தந்து மூன்று வருடத்துக்கு மேலாகிறது. அதன் அலகில் ஏறிய துரு இன்னும் இறங்கவில்லை. ஆகவே இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பர்களும் என்னைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். நல்லதையும் எழுதுகிறேன், நடந்ததையும் எழுதுகிறேன்.

அக்கா குறிஞ்சிப்பிட்டியில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைக்குட்டி. அப்பா கரைவலை இழுப்பவர். அம்மா நோயாளி. அதனால் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. எங்கள் நால்வரின் தலை வாரலும், பாடக் கொப்பியும், காய்ச்சலும், அடியும் அவர் கையில்தான். அடி என்று எழுதியதை மருமகள் மன்னிக்க வேண்டும். ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் போகாமல் கடற்கரையில் இருந்தேன். ஈரத் துவாயால் என் முதுகில் விளாசிவிட்டு, அதே துவாயைக் காயப்போட்டு, அதே கையால் எனக்குப் பாணும் சம்பலும் தந்தார். சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்தார். நான் ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்கவே இல்லை. காரணம் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. காரணம் சொல்கிற பழக்கமும் இல்லை. பின்னால் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் அதுதான் அடிப்படை.

மாம்புரியில் வாழ்க்கைப்பட்டார். அத்தான் கடலில் முக்குளிப்பவர். கடலட்டைக்கும் சங்குக்கும் போவார். நல்ல மனுசன், அதிகம் கதைக்க மாட்டார். கதைக்க வேண்டியதையெல்லாம் அக்கா அவருக்கும் சேர்த்துக் கதைத்துவிடுவார். வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கவென்று அக்கா உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வெயில் காலம் முழுதும் உப்பளம். மழை தொடங்கி உப்பு வேலை நின்றதும் வெங்காயத் தோட்டம். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஒரு நாள் வேலைக்குப் போகாமல் படுத்ததை நான் கண்டதில்லை.

பிறகு அத்தானுக்கு அந்த விபத்து வந்தது. ஆழத்தில் காற்றுக் குறைந்து, பதறி, ஆறுதலாக, நின்று நின்று மேலே வர வேண்டிய தூரத்தை ஒரே மூச்சில் வந்துவிட்டார். படகில் ஏறும்போதே இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. உயிர் தப்பியது கடவுள் செயல். மாதக்கணக்கில் வைத்தியம் பார்த்த பிறகு டொக்டர் தெளிவாகச் சொன்னார். கால் முழுதாகப் போகவில்லை, பொல்லுப் பிடித்து நிற்கலாம், ஒவ்வொரு நாளும் எழும்பி நிற்க வேண்டும், நிற்காமல் கிடந்தால் இருக்கிற பலமும் போய்விடும் என்று.

அத்தான் நிற்கவில்லை. கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அக்கா கெஞ்சினார், திட்டினார், அழுதார். பங்குச் சுவாமியார் வந்து கதைத்தார். நான் போய்க் கதைத்தேன். "நிண்டு என்ன செய்யிற மச்சான், எங்க போகப்போறன்?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பொல்லு மூலையில் புதிதாகவே சாய்ந்து கிடந்தது. இரண்டு காலும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டு வந்தன.

அரை வருடம் இப்படிப் போன பிறகுதான் அக்காவுக்கு ஷோகேஸ் யோசனை வந்தது. அத்தான் கடலுக்குப் போன காலமெல்லாம் அடியில் கண்டதை எடுத்து வருவார். சங்கு, சோழி, நீலக் கண்ணாடிப் போத்தல், பூப்போட்ட பீங்கான் துண்டு, கைக்கு அடக்கமான ஒரு பித்தளை மணி. எல்லாம் கட்டிலுக்குக் கீழே பசளைப் பையில் கிடந்தன. அந்த மணியில் மட்டும் அத்தானுக்குத் தனிப் பிரியம். சுகமாக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருப்பார். அவர்கள் கலியாணம் முடித்த இருபத்தைந்தாவது வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பரிசாக, அந்தச் சாமான்களை அடுக்கி வைக்கத் தன் கையாலேயே மரத்தில் ஒரு ஷோகேஸ் செய்து கொடுக்கப் போவதாக அக்கா அறிவித்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் தளபாடம் செய்கிறவன். சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். கற்பிட்டியிலிருந்து பாலாவி வரைக்கும் எத்தனையோ வீடுகளில் என்னுடைய அலுமாரி நிற்கிறது. அக்காவின் வீட்டிலிருந்து என் கடைக்குச் சைக்கிளில் போகலாம்.

"மஹோகனியில நானே செய்து தாறன் அக்கா" என்றேன்.

"நீ செய்தா அது உன்ட பரிசு. நான் செய்தாத்தான் என்ட பரிசு."

"அப்ப மரத்தையாவது எடுங்க."

"மரம் கிடக்குது."

கிடந்த மரம் எது என்று பார்க்கப் போனேன். முற்றத்தில் பலகைகள் அடுக்கியிருந்தன. உப்பளத்தில் கடல் தண்ணீரை உள்ளே விடுகிற மதகை அடைக்கும் பலகைகள். மதகைக் கொங்கிறீட்டில் திருத்தியபோது கழற்றிப் போட்டவை. உப்பள முதலாளி ஹாஜியாரிடம் கேட்டுக் கைவண்டியில் ஏற்றி வந்திருக்கிறார். என் வயதளவுக்கு உப்புத் தண்ணீரில் ஊறிய மரம். கறையான் அண்டாது, அது உண்மை. ஆனால் அந்த மரத்துக்குள் உப்பு குடியிருக்கிறது. வெயிலுக்குக் கல் மாதிரி காய்ந்து கிடக்கும். மாரிக் காற்றுப் பட்டவுடன் உப்பு ஈரத்தை இழுத்து, பலகை முழுதும் வேர்க்கத் தொடங்கும். தளபாடக்காரன் எவனும் அதைத் தொடமாட்டான். இதையெல்லாம் நின்று விளக்கினேன். அக்கா கேட்டுக்கொண்டே மீன் கழுவினார். கழுவி முடிந்ததும், "உன்ட பெரிய வாள எப்ப தருவாய்?" என்றார்.

வாள் போனது. மறுநாள் உளி போனது. இழைப்புளியை நான் கொடுக்கவில்லை, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அவரே எடுத்துப் போனார். "தம்பிட இழைப்புளிய எடுத்தனான் எண்டு சொல்லிவிடு" என்று பக்கத்துக் கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உப்பு மரத்தில் போட்டு இழைத்து, இரவில் கழுவாமல் வைத்து, ஒரு கிழமைக்குள் அலகைத் துருவுக்குத் தின்னக் கொடுத்துவிட்டார். அளவுநாடா ஒன்றை நானே வலியக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது ஆணியில் தொங்கியது. உப்பு வாரும் பலகையின் பிடியை வைத்து அளந்தார். ஒவ்வொரு தடவையும் பிடியைப் புரட்டும்போது விரலளவு விடுபட்டது. அது ஒரு பக்கம் மட்டும் விடுபட்டது. இரும்பாணி அடித்தார். பத்தே நாளில் துரு ஒழுகியது. பிறகு என்னிடம் வந்து, நான் ஏதோ குற்றம் செய்தவன் போல, "பித்தளைத் திருகாணி எண்டு ஒண்டு இருக்குதெண்டு நீ ஏன் முதலே சொல்லல்ல?" என்று கேட்டார். நான் சொல்லியிருந்தேன். இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

உப்பளத்தால் வந்து, குளித்து, அத்தானுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, இருட்டுமட்டும் முற்றத்தில் இருந்து இழைப்பார். கை முழுதும் வெடிப்பு. உப்பு பட்டு எரிகிற கையோடு இழைப்புளியைத் தள்ளுவார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியாது. வாங்கிச் செய்யப் போனால் கையைத் தட்டிவிடுவார். ஒரு நாள் கோபத்தில், இந்த மனுசன் திரும்பிக்கூடப் பார்க்கப் போவதில்லை என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். உள்ளே அத்தானுக்குக் கேட்டிருக்கும். அக்கா வேலையை நிறுத்தவில்லை. அன்று நான் தேத்தண்ணி குடிக்காமலே வந்தேன்.

வெள்ளி விழா அன்று ஷோகேஸ் கட்டிலின் கால்மாட்டுச் சுவரில் ஏறியது. மூன்று தட்டு. இடப்பக்கம் வெளிப்படையாகவே இறக்கம். பெரிய சங்கை வைத்தால் உருண்டு மூலைக்குப் போனது. அதற்குக் கீழே சிரட்டை வளையம் ஒன்றை முட்டுக்கொடுத்தார். பித்தளை மணி நடுத்தட்டில், கட்டிலில் கிடக்கிறவர் கண்ணுக்கு நேரே இருந்தது. அத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு பழையபடி பக்கத்துச் சுவருக்குத் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை இந்த மலரில் எழுத முடியாது. அக்கா கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்.

ஐப்பசியில் மழை விழுந்தது. நான் சொன்னபடியே பலகை வேர்த்தது. தட்டுகளில் முத்து முத்தாக உப்புத் தண்ணீர் திரண்டு, இடப்பக்க இறக்கத்தால் ஓடி, சொட்டுச் சொட்டாக நிலத்தில் விழுந்தது. நான் சொன்னேன்தானே என்று சொல்வதற்கென்றே மழையில் நனைந்துகொண்டு போனேன். அக்கா ஷோகேசுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, பழைய சாரத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். ஆணியும் மிக உயரம். நின்றால்தான் எட்டும். அதையும் பிழை என்று சொன்னேன்.

"இஞ்சேருங்க," என்று அத்தானிடம் சொன்னார், "நான் தோட்டத்துக்குப் போறன். உங்கட சாமானெல்லாம் நனையுது. துடைச்சாத் துடைங்க, இல்லாட்டி விடுங்க."

முதல் நாள் அத்தான் அசையவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. உப்புத் தண்ணீர் சங்கை ஒன்றும் செய்யாது, போத்தலையும் ஒன்றும் செய்யாது. ஆனால் பித்தளையைச் சும்மா விடாது. மூன்றாம் நாள் மணியின் விளிம்பு பச்சை பிடிக்கத் தொடங்கியது. கண்ணுக்கு நேரே அது பச்சையாகிக்கொண்டு வர, அத்தான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தாரோ தெரியாது. மத்தியானம் சோறு கொண்டுபோன பக்கத்து வீட்டுப் பெண் கண்டதைச் சொன்னார். அத்தான் ஒரு கையால் பொல்லைப் பிடித்து, மற்றக் கையில் துணியோடு, கால் நடுங்க நடுங்க நின்று மணியைத் துடைத்துக்கொண்டிருந்தாராம்.

அன்றிலிருந்து மாரி முழுதும் அதுதான் அத்தானின் வேலை. காலையில் துடைப்பார், மதியம் துடைப்பார். மூன்று தட்டையும் துடைத்து முடிக்கக் கால் மணித்தியாலம் நிற்க வேண்டும். மழை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. மணிக்குப் புளி தேய்க்கிறேன் என்று குசினி வரை போனார். பிறகு வாசல் வரை போனார். அடுத்த மாரியில் படலையைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்து நின்றார். எல்லோரும் டொக்டரையும் எண்ணெய் மருந்தையும் புகழ்ந்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஷோகேஸ் எனக்கு அப்போதும் ஒரு மானக்கேடாகவே இருந்தது. தளபாடக்காரனின் அக்கா வீட்டில் இப்படி ஒரு சாமானா என்று வருகிறவர்கள் கேட்பார்களே என்பதுதான் என் கவலை.

போன வருடம் மாரி தொடங்கும்போது அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது என்று ஆஸ்பத்திரியில் நிறுத்தினார்கள். மூன்று கிழமை அங்கேதான். என் மனைவி வீட்டுச் சமையலைப் பார்த்தாள். நானும் ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அக்கா வரும்போது வீடு சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது என்று அவர் போன மறுநாளே பலகையை எல்லாம் கழற்றினேன். முதல்தரமான மஹோகனியில் அதே ஷோகேசை நேராக, மட்டம் பார்த்து, இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்து மாட்டினேன். என் தொழிலில் அவ்வளவு கவனமாக நான் செய்த வேலை குறைவு. "நல்லா இருக்கு மச்சான்" என்றார் அத்தான். பழைய பலகைகளைக் கடைக்குப் பின்னால் ஆடு வளர்க்கும் பெண் ஒருவருக்குக் கொட்டில் அடைக்கக் கொடுத்தேன்.

அக்கா ஆஸ்பத்திரியால் வந்தார். பாதியாக இருந்தார். உள்ளே வந்து கதிரையில் இருக்கவில்லை. நேரே போய் ஆணியில் தொங்கிய துணியைத் தொட்டுப் பார்த்தார். அது காய்ந்து விறைத்திருந்தது. பலகையைத் தடவினார். பிறகு கட்டிலைப் பார்த்தார். அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். மூன்று கிழமையாக அப்படித்தான் கிடந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் போய் வந்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. வார்னிஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போனார்.

"ஆர் உன்னை மாத்தச் சொன்னது?"

"அது வேர்க்குது அக்கா…"

"வேர்க்கும் எண்டு எனக்குத் தெரியாதா? இருபது வருசம் அந்தப் பலகையோட நிண்டவள் நான். அது வேர்த்தாத்தான்டா அவர் எழும்புவார்!"

அப்படியானால் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ அவருக்கிட்டச் சொல்லியிருப்பாய்."

உண்மைதான், சொல்லியிருப்பேன். தெரிந்துதான் அந்தப் பலகையை எடுத்தாரா, அல்லது இனாமாகக் கிடைத்ததை எடுத்துவிட்டுப் பிறகு அதற்கு ஒரு வழி கண்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதையும் கேட்டேன். "போய்ப் பலகையக் கொண்டு வா" என்றார்.

ஆட்டுக் கொட்டிலுக்குப் போனேன். ஆடுகளுக்கு உப்பென்றால் சொல்ல வேண்டுமா? பலகைகளை நக்கி நக்கி, என் இழைப்புளியால் வராத வழவழப்பை அவை நாக்கால் கொண்டுவந்திருந்தன. நான் பலகையைக் கழற்றக் கழற்றப் பின்னால் நின்று கத்தின. இரண்டு ஆடு வீதி வரை கூடவே வந்தன. நாலு பேர் பார்த்துச் சிரிக்க, தளபாடக் கடை முதலாளி ஆடு நக்கிய பலகைகளை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு மாம்புரிக்குப் போனேன். அதோடு விட்டாரா? கதிரையில் சாய்ந்து இருந்துகொண்டு, மூச்சு வாங்க வாங்க எனக்கு வேலை சொன்னார்.

"இடப்பக்கம் இறக்கமா இருந்தது."

"அது பிழை அக்கா."

"பிழையெண்டாலும் அப்படித்தான் இருந்தது. இறக்கு."

மட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கோணலாக ஒரு சாமானை மாட்டியது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். சிரட்டை வளையத்தையும் தேடி எடுத்து வைத்தேன்.

உள்ளே இருக்கும் உப்பை ஆடுகளாலும் முடிக்க முடியவில்லை. இரண்டாம் நாள் பலகை வேர்த்தது. அத்தான் எழும்பினார். மூன்று கிழமையில் கால் பலம் குறைந்திருந்தது. ஒரு தட்டைத் துடைத்துவிட்டு இருந்து, பிறகு எழும்பி மற்றதைத் துடைத்தார். அக்கா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நான் கண்டதே அபூர்வம். அதற்குப் பிறகு முப்பது நாள் கூட அவர் இருக்கவில்லை. விடியற்காலை, மகள் தொலைபேசியில் செபம் சொல்லிக்கொண்டிருக்க, அமைதியாகப் போய்விட்டார். அடக்கத்துக்கு வந்தவர்கள் கண்டிருப்பீர்கள். வண்டியில் ஏறச் சொல்லி எத்தனை பேர் கெஞ்சியும் கேட்காமல், அத்தான் பொல்லைப் பிடித்துக்கொண்டு கோயிலிலிருந்து அடக்கம் செய்கிற சேமக்காலை வரைக்கும் பெட்டிக்குப் பின்னால் நடந்தே வந்தார்.

முப்பத்தோராம் நாள் நினைவு முடிந்து எல்லோரும் போன பிறகு எனக்கு மனம் பொறுக்கவில்லை. அக்கா வேண்டுமென்றுதான் அந்தப் பலகையைத் தேடிப் போட்டார் என்று அத்தானிடம் சொல்லிவிட்டேன். அக்கா என்னைச் சரியாகத்தான் கணித்திருந்தார். அத்தான் மணியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் மச்சான்."

"குசினியில கதைச்சது கேட்டதா?"

"அதுக்கு முன்னமே தெரியும். முதல் மாரியிலயே தெரியும். காலமெல்லாம் கடல்ல கிடந்தவன், உப்பில ஊறின பலகை வேர்க்கும் எண்டு எனக்குத் தெரியாதா? அவ தோட்டத்தால வந்து முதல்ல இந்தத் துணியத்தான் தொட்டுப் பாப்பா. ஈரமா இருந்தா ஒண்டும் சொல்லமாட்டா. போய்த் தேத்தண்ணி ஊத்துவா. அந்த முகத்தப் பாக்கத்தான் எழும்பினன்."

ஆக, அவருக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். மரத்தோடேயே பிறந்து வளர்ந்தவன் போல ஊருக்குக் கதைத்துத் திரிந்த எனக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. இந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அக்காவிடம் போய்ச் சண்டை பிடிக்கவும் இனி வழியில்லை. வாரத்தில் இரண்டு மூன்று தடவையாவது, ஏதாவது ஒரு கோணலைக் கண்டு அவருக்குச் சொல்ல வேண்டும் என்று கால் தானாக மாம்புரிப் பக்கம் திரும்புகிறது. இப்படி ஒரு அக்கா எனக்கு வேறு இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நோயில் கவனித்த டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், இறுதிவரை வந்து செபித்த சுவாமியாருக்கும், பெட்டியைச் சுமந்த மாம்புரி இளைஞர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்து மூன்று நாளும் சமைத்துப் போட்ட உப்பளத்துச் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கேட்டவுடன் பலகையைக் கொடுத்து, அடக்கத்தன்று வெயிலில் கடைசிவரை நின்ற ஹாஜியாருக்கும், கொடுத்த பலகையை முகம் சுளிக்காமல் திருப்பித் தந்த ஆட்டுக்கார அக்காவுக்கும் எனது தனிப்பட்ட நன்றி. இவ்வளவும் எழுதியதற்காக மருமகள் என்னோடு கோபிக்கக் கூடாது. இதில் எது நல்லது, எது நடந்தது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

முடிவாக ஒரு வேண்டுகோள். ஆண்டுத் திருப்பலி முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வருவீர்கள். இது மாரிகாலம். ஷோகேஸ் வேர்த்து, நிலத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து ஆணியில் ஒரு துணி தொங்கும். உதவி செய்கிறோம் என்று தயவுசெய்து யாரும் அதை எடுத்துத் துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அத்தான் எழும்பி வருவார்.